அறுபத்து நான்கு வளையங்களும் ஒரு கத்தரிக்கோலும்

1

சென்ற வெள்ளிக்கிழமை எங்கள் கல்லூரியின் பழைய கம்ப்யூட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். நான்கு ஆட்கள், ஒரு லாரி. ஓர் அறை முழுக்க அடைத்துக்கொண்டிருந்த இயந்திரம் மதியச் சாப்பாட்டுக்குள் காணாமல் போய்விட்டது. தரையில் அதன் அலமாரிகள் நின்ற இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

அதிலிருந்து ஒரு சட்டத்தை மட்டும் எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சட்டம். அதற்குள் கம்பிவலை போல ஒன்று. இந்த இங்கிலாந்தில் எதைக் கேட்டாலும் முதலில் ஒரு படிவம் வரும். வந்தது. மூன்று பிரதிகள். 'பயனற்ற பொருளை எடுத்துச் செல்ல அனுமதி' என்று மேலே அச்சிட்டிருந்தது. நான் 'பயனற்ற' என்ற சொல்லை மூன்று பிரதிகளிலும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். கல்லூரியின் கம்ப்யூட்டர் அறைக்கு இன்று நான்தான் பொறுப்பாளர் என்பதால் யாரும் தடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மகள் மீனா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஆறு வயது. தமிழ் புரியும், பேசும்போது பாதியில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள்.

"அம்மா, இது ஜன்னல் வலையா?"

"இல்லைடி. இது ஒரு கம்ப்யூட்டரோட ஞாபகம்."

"எதை ஞாபகம் வெச்சிருக்கு?"

நல்ல கேள்வி. அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இதில் தற்பெருமை இருக்கிறது என்று யாராவது சொன்னால், ஆமாம், நிறையவே இருக்கிறது. ஏழு வருடம் அடக்கி வைத்திருந்ததே பெரிய விஷயம்.

2

நான் பிறந்த வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். வீட்டில் இரண்டு தறிகள். அப்பா ஒன்றில், சித்தப்பா ஒன்றில். அக்கா விசாலாட்சிக்கும் எனக்கும் இரண்டே வயது வித்தியாசம். ஆனால் பாவு பிணைப்பதில் அவளுக்கு ஈடு எங்கள் தெருவிலேயே கிடையாது.

பாவு பிணைப்பது என்றால் என்ன என்று நெசவு தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு. ஒரு பாவில் நாலாயிரத்துக்கும் மேல் இழை இருக்கும். ஒவ்வொரு இழையும், அதைத் தூக்கி இறக்கும் விழுதின் கண்ணிலும், சீப்பு போன்ற அச்சின் பல்லிலும் நுழைந்து வரவேண்டும். பாவு தீர்ந்ததும் புதுப் பாவை முதலிலிருந்து நுழைக்க ஆரம்பித்தால் நாள்கணக்கில் ஆகும். அதனால் பழைய பாவின் நுனியை உள்ளேயே விட்டுவைத்து, அதனோடு புதுப் பாவின் நுனியை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பார்கள். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஒரு முறுக்கு, ஒரு தடவல், அவ்வளவுதான். பிறகு மெதுவாக இழுத்தால் பழைய இழை வெளியே போகும்போதே புது இழையையும் கூட்டிக்கொண்டு வந்துவிடும்.

எனக்குப் பதினைந்து வயதில் ஒரு நாள் வீட்டில் எல்லோரும் வாலாஜாபாத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். பரீட்சை என்று நான் மட்டும் தங்கினேன். தறியில் சேலை இறக்கியாகிவிட்டது. பழைய பாவின் நுனிகள் அழுக்காகத் தொங்கிக்கொண்டிருந்தன. வருவதற்குள் சுத்தம் செய்து வைத்தால் பாராட்டுவார்கள் என்று நினைத்தேன். கத்தரிக்கோலை எடுத்து எல்லாவற்றையும் ஒட்ட வெட்டி, மிச்சத்தை இழுத்துப் போட்டு, விழுதுகளைப் பளிச்சென்று வைத்துவிட்டேன்.

அக்கா முதலில் பார்த்தாள். கல்யாணப் புடவையைக்கூட மாற்றவில்லை.

"இன்னாடி பண்ணி வெச்சிருக்கிற?"

"சுத்தம் பண்ணேன்க்கா."

"பழசு உள்ள இருந்தாத்தானேடி புதுசு வரும்? நாலாயிரம் கண்ணு காலியா இருக்குது. யாரு நுழைக்கிறது, உங்க வாத்தியாரா?"

நான்கு நாள் அப்பாவும் அக்காவும் எதிரெதிரே உட்கார்ந்து ஒவ்வொரு இழையாக நுழைத்தார்கள். அப்பா திட்டவில்லை. ஐந்தாம் நாள் சொன்னார்.

"இனிமே இந்தப் பொண்ணு பாவுகிட்ட வரவேணாம்பா. அட்டை வேலை பாக்கட்டும். இவ கைக்கு அதான் சரி."

கத்தரிக்கோலை அக்கா எடுத்துத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டாள்.

அட்டை வேலை என்பது, பூவேலைக்காகத் தறியின் மேலே மாட்டும் ஜக்கார்டு பெட்டிக்கானது. சேலைக் கரையில் மயில் வரவேண்டும் என்றால், கட்டம் போட்ட தாளில் உள்ள மயிலைப் பார்த்து, அட்டைகளில் துளை போடவேண்டும். துளை இருந்தால் இழை எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. பிறகு அட்டைகளை வரிசை மாறாமல் ஓரத்தோடு ஓரம் வைத்துக் கயிற்றால் கோத்துவிட வேண்டும். சென்னையில் ஹாஸ்டலில் தங்கிக் கணிதம் படித்த வருடங்களிலும் விடுமுறைக்கு வந்தால் எனக்கு அதே வேலைதான். மொத்தம் எட்டு வருடம் அட்டையில் ஓட்டை போட்டேன். அந்த எட்டு வருடமும் பாவைத் தொட எனக்கு அனுமதியில்லை.

3

கல்யாணமாகி இங்கிலாந்தின் வடக்குப் பகுதிக்கு வந்தேன். என் கணவர் நடராஜன் இங்கே ஒரு கம்பளி ஆலையில் சாயம் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறார். முதல் குளிர்காலம் முழுக்க ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுப் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபத்தொன்றில், உள்ளூர்த் தொழில்நுட்பக் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பு ஆரம்பிக்கிறார்கள் என்று இவர்தான் பத்திரிகையைக் காட்டினார்.

விண்ணப்பப் படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். எனக்கு அப்படி ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்தும் தையல்நாயகியும்தான் நான். அலுவலகத்துப் பெண்மணி இவர் பெயரை எடுத்துக் குடும்பப் பெயராக்கி, என்னை மிஸஸ் நடராஜன் ஆக்கிவிட்டார். போகட்டும் என்று விட்டேன். 'இயந்திரங்களோடு முன் அனுபவம்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'ஜக்கார்டு தறி, துளை அட்டைகள், எட்டு வருடம்' என்று அழகாக எழுதினேன். அந்த அம்மாள் படித்துவிட்டு, சிவப்பு மையை எடுத்து, ஸ்கேல் வைத்து, நேர்கோடாக அதை அடித்தார். கோபமாகச் செய்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு எழுத்துப்பிழையைத் திருத்துவது போல அவ்வளவு சாந்தமாகச் செய்தார்.

வகுப்பில் நாங்கள் பதினான்கு பேர். பெண் நான் ஒருத்திதான். ஆசிரியர் ஹாரிசன் உயரமானவர், நியாயமானவர், சிரிக்காதவர். கல்லூரிக்குக் கிடைத்தது ஒரு வங்கி பயன்படுத்திக் கைவிட்ட பழைய இயந்திரம். அதை இயக்கும் பொறுப்பு டோரிஸ் என்ற அம்மாளுக்கு. ஐம்பது வயது, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி, எப்போதும் செக்கச்சிவந்த நகப்பூச்சு.

முதல் மாதத்தில் கற்றதை இப்போதும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கம்ப்யூட்டரின் ஞாபகம் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு அறைகளாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு அறைக்கும் ஒரு எண். அறை என்பது உண்மையில் கேழ்வரகு மணியளவு காந்த வளையங்கள்; அவற்றுக்குள் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் தலைமுடி போன்ற கம்பிகள் ஓடும். கம்பியில் மின்சாரம் போனால் வளையம் ஒரு பக்கம் திரும்பி நிற்கும், எதிர்ப்பக்கம் போனால் மறுபக்கம். அதுதான் ஒன்றும் பூஜ்யமும். அந்தச் சட்டத்தை ஹாரிசன் முதன்முதலில் காட்டியபோது வகுப்பில் மற்றவர்கள் வியந்தார்கள். நான் வியக்கவில்லை. நீளவாக்கில் பாவும் குறுக்கே ஊடையும் எனக்குப் புதிதா என்ன?

அந்த ஞாபகத்தின் முதல் சில நூறு அறைகளில் ஒரு நிரல், அதாவது ஒரு கட்டளை வரிசை, நிரந்தரமாகக் குடியிருக்கும். அதன் பெயர் மானிட்டர். ஆபரேட்டிங் சிஸ்டம் என்று புத்தகம் சொல்வது இதைத்தான். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர் மாதிரி அது. அடுத்து யார் உட்காரலாம், யாருக்கு எவ்வளவு நேரம், யார் இலையை எடுக்கவேண்டும் என்று பார்த்துக்கொள்ளும். தானாக ஒரு கணக்கும் போடாது. ஆனால் அது எழுந்திருக்கவில்லை என்றால் யாருக்கும் சாப்பாடு இல்லை.

4

எங்கள் கணக்குகளைத் துளையிட்ட அட்டைகளில் கொடுக்கவேண்டும். அட்டையைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில். பையன்கள் துளைக்கும் இயந்திரத்தின் முன்னால் விழித்துக்கொண்டிருந்தபோது நான் நூற்றெண்பது அட்டைகளை ஒரே மதியத்தில் முடித்தேன். ஒருவன் தன் அட்டைகளை மாடிப்படியில் கொட்டிவிட்டு, வரிசை தெரியாமல் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தான். இவ்வளவு பெரிய நாட்டில் இதுகூடவா தெரியாது என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது.

வீட்டுக்கு எடுத்துப் போய், ஒவ்வொரு அட்டையின் ஓரத்திலும் ஊசியால் குத்தி, நூற்றெண்பதையும் ஓரத்தோடு ஓரம் வைத்துக் கோத்துவிட்டேன். மடித்தால் விசிறிபோல் கச்சிதமாக அடுக்கு உட்கார்ந்தது. இனி தலைகீழாகப் போட்டாலும் வரிசை மாறாது.

காலையில் டோரிஸ் அவசரத்தில் இருந்தாள். அடுக்கை வாங்கி, பார்க்காமலே படிக்கும் இயந்திரத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். அந்த இயந்திரம் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான அட்டைகளை ஒவ்வொன்றாக உருவி இழுக்கும். முதல் அட்டை போனது. இரண்டாவது அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போனது. மூன்றாவது அதன் வாலை. ஒரு நறநறச் சத்தம். பிறகு எரிந்த ரப்பர் வாசனை. டோரிஸ் மூடியைத் திறந்து உள்ளே பார்த்து, நூலின் ஒரு நுனியைப் பிடித்து மேலே தூக்கினாள்.

"இதைத் தைத்திருக்கிறார்கள்," என்றாள் யாரிடம் என்றில்லாமல். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

ஹாரிசன் சிரிக்கவில்லை. இரண்டு நாள் இயந்திரம் நின்றது. என்னை அறைக்கு அழைத்தார். வகுப்பில் நான் கேள்வியே கேட்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டார். ஆசிரியர் பேசும்போது குறுக்கே பேசாததுதான் மரியாதை என்று நான் நினைத்திருந்தேன். ஆர்வமில்லை என்று அவர் எழுதி வைத்திருந்தார்.

"உங்கள் கைகள் அட்டை வேலைக்குச் சிறப்பானவை, மிஸஸ் நடராஜன். பக்கத்துக் கட்டிடத்தில் அட்டை துளைக்கும் வகுப்பு இருக்கிறது. அது உங்களுக்குப் பொருந்தும். வருடக் கடைசிச் செய்முறைத் தேர்வு வரை இங்கே இருந்து பாருங்கள். அதில் தேறாவிட்டால் மாற்றிவிடுவோம்."

வீட்டில் வந்து இவரிடம் சொன்னேன். இவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா சொன்ன அதே வார்த்தைங்க. இவ கைக்கு அட்டைதான் சரின்னு. ஐயாயிரம் மைல் தாண்டி வந்து மறுபடியும் அட்டையில ஓட்டை போடவா?"

"போடாத."

"அவ்ளோதானா?"

"வேற இன்னா சொல்லணும்? தேர்வுன்னாரு இல்ல, எழுது. சமையல் நான் பாத்துக்கறேன்பா."

எட்டு மாதம் ரசத்தில் புளி தூக்கலாகவே இருந்தது. நான் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்த எட்டு மாதத்தில் அந்த இயந்திரத்தின் வரைபடங்களை, எந்தக் கம்பி எங்கே போகிறது என்பது வரை, மனப்பாடம் செய்தேன். கேள்வி கேட்கவும் கற்றுக்கொண்டேன். கடைசியில் ஹாரிசன் மணியைப் பார்க்கும் அளவுக்குக் கேட்டேன்.

5

தேர்வுக்குச் சரியாக ஒரு வாரம் இருக்கையில், திங்கட்கிழமை காலை, மானிட்டர் எழுந்திருக்கவில்லை.

அதைப் பதிந்து வைத்திருந்த காந்த நாடாவிலிருந்து மறுபடி ஏற்றிப் பார்த்தார்கள். ஏறும், ஓடத் தொடங்கும், உடனே நின்றுவிடும். விற்ற கம்பெனிக்குத் தொலைபேசியில் கேட்டதற்கு, அந்த மாடலுக்கு உதிரிப்பாகம் செய்வதை நிறுத்தி வெகுநாளாகிறது என்று பதில் வந்தது. செவ்வாய்க்கிழமை ஹாரிசன் எங்களிடம் அறிவித்தார். செய்முறைத் தேர்வு இல்லை. ஆண்டு அறிக்கையை வைத்தே முடிவு செய்யப்படும்.

பையன்கள் கைதட்டினார்கள். என் ஆண்டு அறிக்கையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். தைத்த அட்டைகள் இருந்தன. அடுத்த திங்கட்கிழமை நான் பக்கத்துக் கட்டிடத்தில் உட்காரவேண்டும்.

வகுப்பு கலைந்ததும் எழுந்து நின்றேன். "நான் பார்க்கலாமா?" என்றேன்.

ஹாரிசன் சாக்பீஸைக் கீழே வைத்தார். "செத்ததை இன்னும் என்ன செய்துவிட முடியும்? பாருங்கள். டோரிஸ் கூட இருக்கவேண்டும்."

புதன்கிழமை காலை இயந்திரத்தின் முன்பலகைக்கு எதிரே உட்கார்ந்தேன். மானிட்டர் இல்லாவிட்டால் இயந்திரத்தோடு பேச ஒரே வழி, முன்பலகையில் இருக்கும் ஸ்விட்சுகளை மேலும் கீழும் தட்டி, கட்டளைகளை ஒவ்வொன்றாகக் கையால் ஏற்றுவதுதான். முப்பது கட்டளைகளில் ஒரு சிறிய நிரல் எழுதியிருந்தேன். ஒவ்வொரு அறையிலும் ஒன்றுகளை நிரப்பு, திரும்பப் படி, வரவில்லை என்றால் நின்று, அறை எண்ணை விளக்குகளில் காட்டு.

பத்தாம் அறையிலிருந்து ஏற்றினேன். ஓட்டினேன். நின்றது, ஆனால் விளக்குகளில் அர்த்தமில்லாத எதுவோ. மறுபடி ஏற்றினேன். அதே கதை. என் நிரலே ஓடவில்லை. டோரிஸ் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "போதும், கண்ணே," என்றாள்.

தேநீர் குடிக்கும்போதுதான் தோன்றியது. மானிட்டரும் கீழ் அறைகளில்தான் இருக்கிறது, என் நிரலும் அங்கேதான் இருக்கிறது. இரண்டும் ஒரே பள்ளத்தில் விழுந்தால்? நிரலை அப்படியே நாற்பதாம் அறைக்கு நகர்த்தி ஏற்றினேன். ஓடியது. முதலில் தனக்குக் கீழே இருந்த அறைகளைச் சோதித்து, முப்பத்தேழில் நின்றது. தொடரச் சொன்னேன். நூற்றொன்று. மறுபடி. நூற்று அறுபத்தைந்து. அடுத்து இருநூற்று இருபத்தொன்பது.

எண்களை நான் பிறகுதான் எழுதிக் கணக்கிட்டேன். அதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. எட்டு வருடம் துளை இருக்கிறதா இல்லையா என்று பார்த்த கண். ஒவ்வொரு முறை நின்றபோதும் கடைசி ஆறு விளக்குகள் மட்டும் மாறவே இல்லை. ஒன்று எரிகிறது, இரண்டு அணைந்திருக்கிறது, ஒன்று எரிகிறது, ஒன்று அணைந்திருக்கிறது, ஒன்று எரிகிறது. சேலைக் கரையில் வருவது போல, அறுபத்து நான்கு அறைக்கு ஒரு முறை அதே பூ திரும்பி வந்தது.

"டோரிஸ், இது ஒரு இழை," என்றேன்.

"என்ன?"

"ஞாபகம் சாகவில்லை. ஒரே ஒரு குறுக்குக் கம்பி அறுந்திருக்கிறது. அறுபத்து நான்குக்கு ஒன்றாக அதில் கோத்திருக்கிற அறைகள் மட்டும்தான் செத்திருக்கின்றன. அதில் சில மானிட்டரின் வீட்டுக்குள் இருக்கின்றன."

6

வியாழக்கிழமை இயந்திரத்தின் அலமாரியைத் திறந்து, ஞாபகச் சட்டங்களில் மின்சாரம் ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துச் சோதித்தோம். மூன்றாவது சட்டத்தில் முள் அசையவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால், ஓரத்திலிருந்து மூன்று வளையம் தள்ளிக் கம்பி இற்று அறுந்திருந்தது.

அறுந்த இடத்தில் ஒட்டுப்போட இடமில்லை. வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவே ஈயத்தை உருக்கி வைத்தால் பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். கம்பியையே மாற்றவேண்டும். ஹாரிசன் புதுக் கம்பிச் சுருள் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றார். டோரிஸ் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு இடுக்கியை எடுத்தாள்.

"பழைய கம்பியை உருவிப் போட்டுவிடுவோம். பிறகு புதியதை நுழைத்துக்கொள்ளலாம்," என்றாள்.

அவள் இடுக்கி கம்பியைப் பிடித்துவிட்டது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். ஒரு வெள்ளைக்கார அம்மாளின் கையை அப்படிப் பிடிப்பேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

"வேணாம். பழசு உள்ளே இருந்தால்தான் புதுசு வரும்."

பதற்றத்தில் முழுவதையும் தமிழில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவள் நிறுத்தினாள். பிறகு ஆங்கிலத்தில் விளக்கினேன். இந்த வளையங்கள் சட்டத்தில் ஒட்டியிருக்கவில்லை. கம்பிகள்தான் அவற்றைத் தாங்கி நிறுத்துகின்றன. ஒரு கம்பியை உருவினால் அறுபத்து நான்கும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துவிடும். அப்புறம் எந்த மகாராசனாலும் அதில் புதுக் கம்பியை நுழைக்க முடியாது. எதையும் காலியாக விடக்கூடாது. பழையது போகும்போதே புதியதைக் கூட்டி வரவேண்டும்.

கதவோரத்தில் இருந்து ஹாரிசன் இரண்டு அடி முன்னால் வந்தார்.

புதுக் கம்பியை நேராகப் பழையதோடு முறுக்கினால் முடிச்சு தடிமனாகி வளையத்தில் சிக்கும் என்று பட்டது. நடுவில் மெல்லியதாக ஏதாவது வேண்டும். அப்போது நான் உடுத்தியிருந்தது, மேலே கம்பளிச் சட்டை போட்டிருந்தாலும், பட்டுச் சேலைதான். முக்கியமான வேலை என்று எடுத்துக் கட்டியது. முந்தானை நுனியில் தொங்கிய பாவு இழைகளில் ஒன்றை உருவினேன். அப்பா நெய்த சேலை. அந்த இழையைப் பிரித்தால் அதற்குள் இன்னும் மெல்லிய இழைகள் இருக்கும். அதில் இரண்டை எடுத்தேன்.

சாம்பலுக்கு எங்கே போவது? டோரிஸ் தன் சிகரெட் தட்டை நகர்த்தி வைத்தாள். அவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை, விரல்களைத் தேய்த்துக் காட்டினேன், அவ்வளவுதான். பழைய கம்பியின் மறுமுனையைச் சட்டத்திலிருந்து விடுவித்து, பட்டிழையை அதில் வைத்து ஒரு முறுக்கு, ஒரு தடவல். மேலே டோரிஸின் சிவப்பு நகப்பூச்சு ஒரு துளி. காயும் வரை மூன்று பேரும் மூச்சு விடாமல் நின்றோம்.

பிறகு அறுந்த பக்கத்திலிருந்து இழுத்தேன். நான் பாவு பிணைத்ததே கிடையாது. அக்கா பிணைப்பதைத் திருட்டுத்தனமாகப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தது மட்டும்தான். என் கை அதற்கு லாயக்கில்லை என்று வீடே முடிவு செய்திருந்தது, நானும் நம்பியிருந்தேன். அன்று அந்தக் கைதான் இழுத்தது. ஒரு வளையம், இரண்டு வளையம் என்று டோரிஸ் பூதக்கண்ணாடியில் எண்ணிக்கொண்டே வந்தாள். இருபத்தொன்றில் சிக்கியது. இழுக்காமல், பின்னால் ஒரு மயிரிழை விட்டு, மறுபடி இழுத்தேன். வந்தது. அறுபத்தோராவது வளையத்திலிருந்து சிவப்புத் துளியோடு பட்டு வெளியே வந்தபோது டோரிஸ் என் தோளில் அடித்தாள். மீதி மூன்று வளையங்களில் கிடந்த துண்டுக் கம்பியைப் பிடித்து, அதே முறையில் பட்டை அந்தப் பக்கமும் கொண்டுவந்தேன். பிறகு பட்டின் வாலில் புதுக் கம்பி. அது வழியறிந்து தானே போனது.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஹாரிசனே நாடாவை ஏற்றினார். விளக்குகள் ஒரு முறை மினுங்கின. தட்டச்சு இயந்திரம் தலையைத் திருப்பி, தயார் என்று ஒரு வரி அடித்தது. மானிட்டர் எழுந்துவிட்டது. நான் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஹாரிசன் சிரித்தார். பல்வரிசை நன்றாகத்தான் இருந்தது. ஏன் மறைத்து வைத்திருந்தாரோ.

டோரிஸ் இயந்திரத்தின் பதிவேட்டை என் முன்னால் வைத்தாள். பழுது, காரணம், சரிசெய்தவர் என்று மூன்று கட்டங்கள். மூன்றாவதில் மிஸஸ் நடராஜன் என்று எழுதப் பேனாவை வைத்தேன். பிறகு மனம் மாறி, இ. தையல்நாயகி, காஞ்சிபுரம் என்று தமிழிலேயே எழுதினேன். யாருக்காவது புரியவேண்டுமே என்று யோசிக்கவில்லை. அது எனக்குப் புரிந்தால் போதும்.

7

திங்கட்கிழமை தேர்வு நடந்தது. பதினான்கு பேரில் முதலாவதாகத் தேறினேன். கைதட்டிய பையன்களில் இரண்டு பேர் தேறவில்லை. அவர்களுக்கு என்மேல் கோபம். அதுவும் எனக்கு இனிப்பாகத்தான் இருந்தது.

அடுத்த வருடம் அதே கல்லூரியில் இயந்திரப் பராமரிப்பு வேலைக்கு விண்ணப்பித்தேன். அதே அலுவலகம், அதே அம்மாள், அதே கட்டம். முன் அனுபவம் என்ற இடத்தில் பழைய வரியையே மறுபடி எழுதினேன்: ஜக்கார்டு தறி, துளை அட்டைகள், எட்டு வருடம். அந்த அம்மாள் ஸ்கேலை எடுத்தார். என்னைப் பார்த்தார். ஸ்கேலை மேசையில் வைத்துவிட்டு, முத்திரையைக் குத்தினார்.

இதையெல்லாம் அக்காவுக்கு எட்டுப் பக்கத்தில் கடிதமாக எழுதியிருந்தேன். அவளிடமிருந்து அரைப் பக்கம் வந்தது. 'நான் சொன்னப்போ கேக்கல, மிஷினு சொன்னதும் கேட்டியா. நல்லா இருக்குது உன் ஞாயம். ஊருக்கு வா, பாக்கறேன்.'

எழுபத்தைந்து தை மாதம், கையில் ஒன்றரை வயது மீனாவோடு ஊருக்குப் போனேன். வீட்டில் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கண்ணில் பட்டது, தறி பழைய பாவு நுனியோடு நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் புதுப் பாவு, மாம்பழ மஞ்சள். எனக்காகவே இரண்டு நாள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அப்பா ஒன்றும் தெரியாதவர் போலச் செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தார்.

"உக்காரு," என்றாள் அக்கா. சாம்பல் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

"முழுசும் நானேவா?"

"பின்ன, உங்க வாத்தியார் வருவாரா?"

மூன்று பகல் உட்கார்ந்தேன். அக்கா எதிரிலேயே மீனாவை மடியில் போட்டுக்கொண்டு இருந்தாள். கண் மட்டும் என் விரலிலேயே இருந்தது. அப்பா இருபது முறையாவது தண்ணீர் குடிக்க அந்தப் பக்கம் வந்திருப்பார். மூன்றாம் நாள் பின்மதியம் கடைசி இழையையும் முறுக்கி முடித்தேன். அப்பா வந்து மறுபக்கம் பிடித்து மெதுவாக இழுத்தார். நாலாயிரம் இழையும் விழுதைத் தாண்டி, அச்சைத் தாண்டி, மஞ்சளாக இந்தப் பக்கம் வந்து நின்றன. அக்கா குனிந்து ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை விரலால் தடவிப் பார்த்தாள். அறுந்தது ஒன்றுகூட இல்லை.

பழைய பாவு மட்டும் முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வேலை முடிந்துவிட்டது. அக்கா எழுந்து போய்த் தன் பெட்டியைத் திறந்து, அந்தக் கத்தரிக்கோலை எடுத்து வந்து என் கையில் வைத்தாள்.

"இந்தா," என்றாள். "இப்ப வெட்டு."